மூன்று சந்தன மாலைகள்

ஜூலை 3, வியாழன். விடாத மழை.

மூன்று நாள் ஆலோசனைக்குப் பின் காலை 9.40க்கு முடிவெடுத்தேன்: மல்லிகை அல்ல, சந்தனச் சீவல் மாலை. இதைவிடக் குறைந்த யோசனையில் அரசாங்கங்கள் போர் தொடுத்திருக்கின்றன.

மாலை தாராவிக் குழுவுக்கு. பழைய பம்பாய்க் கலவரத்தில் வீட்டு ஆளைப் பறிகொடுத்த நான்கு பெண்கள். ஞாயிறுதோறும் பள்ளி வகுப்பறையில் கூட்டம். வாஷியிலிருந்து வரும் மனநல ஆலோசகர் ஹிந்தியில் கேட்பார்; நான் தமிழில் சொல்வேன். முப்பது வருடம் தாமதமான ஆறுதலுக்கு மாட்டுங்காவிலிருந்து ஒரு ரிட்டயர்ட் மொழிபெயர்ப்பாளர்.

இந்த ஞாயிறு பறிகொடுத்தவர்களின் படங்களை வைத்துப் பேசவேண்டும் என்றார் ஆலோசகர். படங்களுக்கு மாலை என் சொந்த யோசனை.

போன வாரம் பேச்சியம்மாள் சொன்னது. கலவரத்தன்று பட்டறைக்குப் போன கணவர் திரும்பவில்லை. உடலும் இல்லை, இறந்ததற்குக் காகிதமும் இல்லை. "உல்லாஸ்நகர்ல அவுகளப் பாத்தேன்னு ஒருத்தன் சொன்னான் சார். போயிப் பாத்தா வேற ஆளு. ஆனா நல்ல மனுசன், சாயா வாங்கித் தந்தாரு." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜூலை 5, சனி. தூறல்.

பி.பி. மாத்திரை. குடைக்கம்பி. ஃப்ரேம் கடை.

பேச்சியம்மாள் கணவரின் படம் பாஸ்போர்ட் அளவு. பெரிதாக்கியதில் ஒரு காது மங்கல். கடைக்காரர் கேட்காமலே நான்கு கண்ணாடியிலும் குங்குமம் வைத்துவிட்டார். நால்வரில் ஒருவரான ஃபாத்திமாவின் மகன் படத்தில் மட்டும் துடைத்தேன். அதற்கு மாலையும் கிடையாது. பிறர் வழக்கத்தை மதிப்பதில் என் கவனம் எனக்கே திருப்தி.

ஜூலை 6, ஞாயிறு.

பேச்சியம்மாள் படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"எப்ப சார் தகவல் வந்துச்சு?"

"என்ன தகவல்மா?"

"அவுகளப் பத்தி. மால போட்டிருக்கீகளே."

உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போடக்கூடாது. ஐந்து வயதில் எனக்குத் தெரிந்திருந்தது.

"தகவல் எதுவும் இல்லம்மா. என் முட்டாள்தனம்." கழற்றினேன். அவசரத்தில் நூல் அறுந்தது. தரையெல்லாம் சீவல்.

"சும்மா இருங்க சார்வாள், இன்னுங் கெடுக்காதீக!" என்றார் ஃபாத்திமா. பிறகு பேச்சியம்மாளிடம், "ஏளா பேச்சி, இந்தாளு ஒரு கிறுக்கு. நீ உக்காரு."

"படிச்சவுக தெரியாமயா போடுவாக? எனக்கு நோகும்னு மறைக்காக."

"க்யா போலி?" என்ன சொன்னார் என்று கேட்டார் ஆலோசகர். மொழிபெயர்க்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்.

தாராவி. பேச்சியம்மாள் வீடு. நான்கு முறை சொன்னேன்: யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை, அவர் கணவர் இறந்ததாக எங்கேயும் எழுதவில்லை.

"செரி சார். செரி." நம்புகிறவர் குரல் அல்ல. "ஊருக்கு நாத்தனாருக்குப் போன் போட்டுட்டேன். வந்துட்டிருக்கா."

"எதுக்கும்மா?"

"அதெல்லாம் அவ வந்துதான செய்யணும். அழாதீக சார். டீ ஆறுது."

ஜூலை 10.

எழுத ஒன்றுமில்லை. குடைக்கம்பி மாற்றியாயிற்று.

ஜூலை 13, ஞாயிறு. வெயில்.

ஆலோசகரிடம் நடந்ததை முழுவதும் சொன்னேன். மறுபடி படங்கள் வேண்டாம் என்றார்.

பேச்சியம்மாள் நேரத்துக்கு வந்தார், நாத்தனாருடன். நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் தாலி இல்லை.