பதினேழாம் இலக்க அண்ணைக்கு

என் அன்புக்குரிய பதினேழாம் இலக்க அண்ணை,

இப்படி அழைப்பதற்குக் கோபிக்கமாட்டீர்கள்தானே? எங்கள் பல்கலைக்கழக ஆய்வில் உங்களுக்கு நாங்கள் வைத்த பெயர் இதுதான். குருநகர்க் கரையில் நீங்கள் இல்லாமல் போய் எட்டு மாதமாகிறது. எப்போது வரும் என்று நீங்கள் கேட்டுக் கேட்டு அலுத்த ஆய்வறிக்கை போன கிழமை அச்சாகி வந்துவிட்டது.

அட்டையில் 'உலகமயமாக்கமும் கடல்வள அறமும்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். நல்ல நண்டு விமானம் ஏறுகிறது, கால் முறிந்தது எங்கள் சட்டிக்கு வருகிறது என்று நீங்கள் ஒரே மூச்சில் சொல்லி முடித்த விசயம். நாங்கள் அதை நாற்பது பக்கத்துக்கு இழுத்திருக்கிறோம்.

முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டி, விரும்பிய நேரம் விலகலாம் என்றேன். விலகாமல் இருக்கவும் உரிமை உண்டா என்று கேட்டீர்கள். பிறகு பதினெட்டாம், பத்தொன்பதாம் ஆட்களின் நேர்காணலுக்கும் வந்து குந்தியிருந்து, அவர்களுடைய பதில்களைத் திருத்தினீர்கள். பங்கேற்பாளரிடம் எதுவும் வாங்கக்கூடாது என்ற விதி உங்கள் வீட்டு நண்டுக்கறிக்கு முன்னால் ஒரு மணித்தியாலம்கூட நிற்கவில்லை. அதை நேர்மையாக எழுதிக் கொடுத்தேன். பல்கலைக்கழக அறநெறிக் குழு விளக்கம் கேட்டது.

அறிக்கையில் பெயர் வராது, இலக்கம்தான் வரும் என்றதும் உங்கள் முகம் கறுத்துவிட்டது. பெயரை மறைப்பது உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்று விளங்கப்படுத்தினேன். நீங்கள் வலையைக் கீழே வைத்தீர்கள்.

"தங்கச்சி, என்ரை பேரை நிவாரணத்துக்கு எழுதினவை, கடலுக்குப் போகப் பாஸ் குடுக்க எழுதினவை, முகாமிலை எழுதினவை. நான் கதைச்சதுக்காக ஒருத்தரும் எழுதேல்லை. நீங்களாவது எழுதுங்கோ."

ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் குழுவிடம் கேட்டேன், அது என் பிழை. மூன்று தரம் விண்ணப்பித்தும் விதி விதிதான் என்றார்கள். இதற்குள் நீங்கள் கரை முழுக்கத் திரிந்து, நான்தான் பதினேழு என்று எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தீர்கள். நீங்கள் போன பிறகு, இனி இவருக்கு என்ன ஆபத்து என்று நாலாம் தரமும் எழுதினேன். திருத்திய படிவத்தில் பங்கேற்பாளரே கையொப்பமிட வேண்டும் என்று பதில் வந்தது. சேமக்காலையில் உங்கள் கல்லறைக்குப் பேனையோடு வரவா, அண்ணை?

வெளியீட்டு விழாவில் ஒரு பேராசிரியர் நீங்கள் சொன்னதைத் திரையில் போட்டு வாசித்தார்: "முட்டையோடை வாற நண்டைத் திருப்பிக் கடலிலை விட்டால் நண்டு வாங்கிற கொம்பனியும் ஏசுது, மனுசியும் ஏசுது. எண்டாலும் நாளைக்கும் வலை போடவேணும்தானே." மண்டபம் கைதட்டியது. இவர் யார் என்று அவர் என்னைக் கேட்டார். பின்வரிசையில் இருந்த கரைச் சனம் சிரித்தது. அவர்களுக்குத் தெரியும், படித்தவர்களிடம்தான் மறைத்திருந்தோம். மூன்றாம் வரிசையில் இருந்து அண்ணி என்னையே பார்த்தார். நான் ஒலிவாங்கியைப் பிடித்தபடி, சொல்ல அனுமதியில்லை என்றேன். வெட்கமாக இருந்தது, அண்ணை.

விழா முடிந்ததும் அண்ணியிடம் போனேன். உங்களுக்கு ஒரு கடிதம் எழுதி, பெயரோடு எல்லோரும் வாசிக்கப் போடலாமா என்று கேட்டேன். கடிதங்களுக்கு அறநெறிக் குழு இல்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதுங்கோ. தகப்பன்ரை பேரையும் சேர்த்து எழுதுங்கோ, இல்லாட்டி மனுசன் சண்டைக்கு வரும்."

இனி என் படிவங்களில் முதல் கேள்வி, உங்கள் பெயர் அச்சில் வரவேண்டுமா என்பதுதான். குழு திருப்பி அனுப்பினால் நானும் திரும்பத் திரும்ப அனுப்புவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. முட்டையோடு வந்த நண்டைக் கடலில் விட்டவர், அந்த மண்டபம் கைதட்டிய கதையைச் சொன்னவர், குருநகர் சவிரிமுத்து மரியநாயகம்.

என்றும்
உங்கள் தங்கச்சி