பேனலுக்குள் இருந்த ஒயர்

அன்புத் தங்கைக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? அதைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன்.

விசாரணையில் நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "எங்க வீட்டுல ஃபியூஸ் போனாக்கூட அவர் தொடமாட்டார், அண்ணனைத்தான் கூப்பிடுவார்" என்றாய். அதிகாரிகள் அதை எழுதிக்கொள்ளக்கூட இல்லை. பாரம் அதிகமானால் கிரேனை நிறுத்தும் சுவிட்சை மாப்பிள்ளையே ஒயர் போட்டு முடக்கினார், அதனால்தான் கிரேன் சாய்ந்து அவர் உயிரும் போனது என்று முடித்துவிட்டார்கள். நீ என் பக்கம் திரும்பினாய். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அந்த சுவிட்ச் நாலு நாளாகவே கெட்டிருந்தது. வெறும் கொக்கியைத் தூக்கினாலே கிரேன் நின்றுவிடும். புது சுவிட்ச் வரவில்லை. வேலை நிற்கக்கூடாது என்று இன்ஜினியர் என் தலைமேல் நின்றார். கேபினிலிருந்து மாப்பிள்ளை வாக்கிடாக்கியில் கேட்டார்.

"மச்சான், சரி பண்ணியாச்சா?"

"ஆச்சு. தூக்குங்க மாப்ளே."

கிரேன் பேனலுக்குள் அந்த ஒயரின் இரண்டு முனையிலும் நீல டேப் இருக்கும். மிச்ச டேப் என் பெட்டியில் இருக்கிறது.

அண்ணனாயிற்றே என்று இதைக் கிழித்துப் போடாதே. அவர்களிடம் கொடு.

உன் வீட்டு ஃபியூஸையும் அந்த ஒயரையும் போட்ட,
அண்ணன்