அலமாரியில் இருக்கும் டப்பா

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மகள் சுண்டெலியும் கையும் காலுமாய் நன்றாக இருக்கிறோம், நீயும் மருமகளும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மற்றதைப் படிக்குமுன் ஒன்று. சுண்டெலி உனக்கு அனுப்பிய மர மெருகு டப்பாவைத் திறக்காதே, ஏன் என்று சொல்கிறேன்.

ரசாயனத் தொழிற்சாலை வேலையை விடமாட்டேன் என்று அவள் சொன்னதிலிருந்து நீ இந்த வீட்டுப் போனை எடுப்பதில்லை, எனக்கோ அவளை நினைத்தால் தலைகால் புரியாத பெருமை. அங்கே மெருகு காய்ச்சும்போது வினையூக்கி என்று ஒரு மருந்து போடுகிறார்கள், அது மற்றதையெல்லாம் மாற்றும், தான் மட்டும் மாறாது, தீராது, களைத்தும் போகாது. பிறகு ஒரு சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டினால் மெருகு இந்தப் பக்கம் வரும், மருந்து அந்தப் பக்கமே நின்றுவிடும். அந்தச் சவ்வுதான் அவள் பொறுப்பு. என் ஐந்தாம் வகுப்புக்கு இவ்வளவு ஏறியதே பெரிசு.

முந்தாநாள் அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோனேன். பீப்பாய் அறையில் உட்காரச் சொன்னார்கள், சன்னலும் இல்லை, ஆளும் இல்லை. எழுந்திருக்கக் கை ஊன்றினால் பீப்பாய் தூங்கும் குழந்தையின் முதுகு போல வெதுவெதுவென்று இருக்கிறது. உள்ளேயிருந்து டொக் என்றது. சற்றுப் பொறுத்துப் பக்கத்துப் பீப்பாயும் பதில் சொன்னது. அவள் வந்ததும், இதுங்களுக்குக் காய்ச்சல்டி, டாக்டரைக் கூப்பிடு என்று கேலி செய்தேன். தொட்டுப் பார்த்தவள் முகம் வெளுத்து, என்னைத் தெருவரைக்கும் இழுத்துக்கொண்டு ஓடினாள். புதிதாக மாற்றிய கழுவுநீரில் சவ்வு ஊறி, ஓட்டைகள் விரிந்து, மருந்தும் கூடவே வந்து, பீப்பாய்க்குள்ளும் ஓயாமல் மெருகைச் சூடேற்றிக்கொண்டே இருந்ததாம், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வெடித்திருக்குமாம். வடிந்தது தெளிவாக இருந்ததால் யாரும் சோதிக்கவில்லை. தெளிவாத்தான் இருந்துச்சு பாட்டி என்று தூக்கத்திலும் சொல்கிறாள். தண்ணீர் பீய்ச்சி ஆற்றிவிட்டார்கள், ஆளுக்குச் சேதமில்லை.

அந்தக் கழுவுநீருக்குப் பிறகு வடித்த முதல் மெருகைத்தான், அப்பா மேசைக்குப் பூசட்டும் என்று உனக்கு அனுப்பினாள். மருமகள் போனும் அடித்து அடித்து ஓய்கிறது. அதனால் லாரியில் அந்தப் பக்கம் வரும் உன் சித்தி மகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். டப்பாவைத் தூக்காதே, இரண்டு பேரும் வெளியே வந்து தீயணைப்பு ஆட்களைக் கூப்பிடுங்கள். கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்.

இந்தக் கோபத்துக்கு முன் கடைசியாகப் பேசியபோது, அலமாரியில பல்லி தட்டுதும்மா, தேடினா காணோம் என்று சிரித்தாயே. அது பல்லி இல்லை கண்ணு.

நூறு வயசு இருப்பாய். வெளியே வந்ததும் போன் பண்ணு.

வாசலையே பார்த்திருக்கும்,
அம்மா