அடித்துப் பிடிக்காமல் ஏன் கையெழுத்துக் கேட்டார்கள்?

ஒருநாளும் பேர் சொல்லாமல் "பிள்ளை" என்றே கூப்பிட்ட என்ர அண்ணைக்கு,

நீங்கள் போய் ஒரு வருசம். ஞாயிற்றுக்கிழமை லண்டன் கிங்ஸ்பரியில் உங்கட நினைவுக்கூட்டம் நடந்தது. படத்துக்குப் பூப்போட்டு, வடை சாப்பிட்டுக் கலைகிற கூட்டமாக இருக்கக்கூடாது என்று அண்ணி பிடிவாதமாக நின்றா. கல்லூரியில் நீங்கள் கடைசிவரை படிப்பித்த விஷயத்தை எங்கட ஆட்களுக்கு ஒருமுறையாவது சொல்ல வேண்டுமாம். கனடாவிலும் மற்ற இடங்களிலும் பூர்வகுடிகளை வெள்ளைக்காரர் அடித்துப் பிடிக்காமல் ஏன் ஒப்பந்தம் செய்தார்கள்? சட்டனில் பல்லுப் பிடுங்குகிற நான் இதைப் பேசினேன் என்றால் நம்புவீர்களா?

நான் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பின்கதவு திறந்தது. உள்ளே வந்தது தவம் அண்ணை.

உங்களோடு ஒரே வகுப்பில் படித்து, உங்களோடேயே லண்டனுக்கு வந்த தவம் அண்ணை. "போர்நிறுத்த ஒப்பந்தம் வந்திட்டுது, இனிப் பயமில்லை, உன்ர தம்பி ஊரிலேயே இருக்கட்டும்" என்று அவருக்குச் சொன்னது நீங்கள்தான். ஒப்பந்தம் முறிந்தது. திரும்ப வந்த சண்டையில் தம்பி செத்துப் போனான். அதற்குப் பிறகு அவர் உங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கட செத்த வீட்டுக்கும் வரவில்லை.

அவரைக் கண்டதும் முன் வரிசையில் இருந்த அண்ணி சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தா. நிறுத்த முடியாமல் தொடர்ந்தேன். முதலில் வந்த வெள்ளையர் கொஞ்சப் பேர்தான். படை வேண்டுமென்றால் கடல் தாண்டி வரவேண்டும். காட்டில் வழி தெரியாது. மிருகத்தோல் வியாபாரத்துக்கு அந்த மக்கள் வேண்டும். பிரிட்டிஷ்காரருக்குப் பிரெஞ்சுக்காரரோடு சண்டை வந்தால் அந்த மக்கள் தங்கட பக்கம் நிற்கவும் வேண்டும். போரை விடக் கையெழுத்து மலிவு. "இந்த நிலத்தை அவர்களே தந்தார்கள்" என்று மற்ற ஐரோப்பிய நாடுகளுக்குக் காட்டவும் அது உதவும்.

"நிப்பாட்டு பிள்ளை." தவம் அண்ணை எழும்பி நின்றார். "பிறகு அந்த ஒப்பந்தங்களுக்கு என்ன நடந்தது? அதைச் சொல்லு."

"கனக்க இடத்தில முறிச்சுப் போட்டாங்கள், அண்ணை."

"எப்ப?"

"ஆட்களும் படையும் கூடின பிறகு. இனி இவையின்ர தயவு தேவையில்லை எண்டு ஆன பிறகு."

"அப்ப கையெழுத்து வைச்சவை மடையர்தானே? உன்ர கொண்ணையை நம்பின என்னை மாதிரி."

என்ர பக்கத்துக் கதிரையில் லோரா இருந்தாள். கனடாவின் பூர்வகுடிப் பெண், உங்களோடு கல்லூரியில் படிப்பித்தவள். "அவர் என்ன சொல்கிறார்?" என்று இங்கிலிஷில் கேட்டாள். மெல்லமாக்கிச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு அப்படியே சொன்னேன்.

அவள் எழும்பினாள். அவள் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

"எங்கட ஆட்கள் மடையர் இல்லை. தோற்றவனோட யார் ஒப்பந்தம் செய்வான்? அவனுக்குக் கட்டளைதான். எங்களை வெல்ல ஏலாத இடத்திலதான் எங்களிட்டக் கேட்டு வந்தாங்கள். சில இடத்தில பசியாலயும் கையெழுத்து வைச்சம், அதை மறைக்கேல்லை. ஆனா நாங்கள் நிலத்தை விக்கேல்லை. உறவாச் சேர்ந்து இருப்பம் எண்டுதான் வாக்குக் குடுத்தம். எங்கட வாக்கை நாங்கள் காப்பாத்தினம். வெக்கப்பட வேண்டியது முறிச்சவன். அந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான் இண்டைக்கும் கோர்ட்டில நிக்கிறம்."

தவம் அண்ணை கதிரையைப் பிடித்தபடி நின்றார். "அவவுக்குச் சொல்லு. கோர்ட்டுக்குப் போக அவைக்கு ஆள் மிச்சம் இருக்கு. எனக்கு என்ர தம்பி இல்லை."

சொன்னேன். நீங்கள் என்றால் அவருக்கு என்ன சொல்லியிருப்பீர்கள், அண்ணை?

தவம் அண்ணை வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. கதிரையில் இருந்தார். நான் மிச்சத்தைப் பேசி முடித்தேன். என்ன பேசினேன் என்று கேட்டால் இப்போது சொல்லத் தெரியாது.

கூட்டம் கலைகிறபோது அண்ணி அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தா. அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கொண்ணை தெரிஞ்சுகொண்டே எனக்குப் பொய் சொன்னவன் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சன். அவனும் நம்பித்தான் சொன்னவன், என்ன?"

"ஓம், அண்ணை. முழுசா நம்பினவர்."

"அப்ப நான் நம்பினவனோட கோவிச்சுக்கொண்டு, முறிச்சவங்களை விட்டிட்டன்."

அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையை அண்ணியிடம் கொடுத்தார்.

பெருமாள் கோவில் வாசலில் கூட உங்களைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போன மனுசனுக்காகவா நீங்கள் இத்தனை வருசம் இந்த ஒரே பாடத்தைத் தோண்டினீர்கள்? ஒப்பந்தம் ஏன் முறிகிறது என்று அவருக்கு ஒருநாள் சொல்லவா? எங்களிடம் நீங்கள் வாய் திறக்கவே இல்லையே.

தவம் அண்ணை லூயிஷாமில் தனியாக இருக்கிறார். வாற வெள்ளிக்கிழமை அங்கே கோவிலில் தன்ர தம்பிக்கும் உங்களுக்கும் சேர்த்து மோட்ச விளக்கு ஏற்ற வேண்டும் என்று அவரே கேட்டார். போவேன். அதற்குப் பிறகும் போவேன். அவர் கோபித்தாலும், கதவைச் சாத்தினாலும், இந்தப் போக்குவரவை என்ர பக்கத்திலிருந்து முறிக்கமாட்டேன்.

உங்கட ஒரே தங்கச்சி,
சாந்தி