மக்காத கப்புகளும் மீன்கொத்தித் தட்டுகளும்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம், உன் அப்பாவின் முழங்கால் வலியும் சௌக்கியமாக அவரோடேயே இருக்கிறது. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். போன தடவை போனில் நீ அழுதுகொண்டே, மலையேற்றக் கம்பெனி நம்மை விட்டுப் போய்விட்டால் லாட்ஜை நடத்த முடியாதும்மா, அடுத்த வருஷப் படிப்பை நிறுத்திவிட்டு வந்து உங்களோடு நிற்கிறேன் என்றாயே, அதற்குத்தான் இந்தப் பதில். போனில் பேசினால் நடுவில் உன் அப்பா பிடுங்கிக்கொள்வார், நீ உம் கொட்டிக்கொண்டே இருப்பாய், கடைசியில் பேச வேண்டியதைத் தவிர எல்லாம் பேசியிருப்போம். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணு.

அந்தக் கம்பெனியிலிருந்து வருகிற அம்மாவை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர். வெயிலோ மழையோ எப்போதும் கையில் குடை, அதனால் உன் அப்பா அவருக்குக் குடை மேடம் என்று பேர் வைத்துவிட்டார். மலையேற வருகிறவர்களை எங்கே தங்க வைப்பது என்று முடிவு செய்கிறவர் அவர்தான். இனிமேல் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறிகிற தட்டு, கப்பு எதுவும் எங்கள் ஆட்களுக்கு வேண்டாம், சீசனுக்கு முன்னால் நானே வந்து பார்ப்பேன், சரியில்லை என்றால் எதிரில் இருக்கிற புது ஹோட்டலுக்குப் போய்விடுவோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். மக்கிப் போகிற கப்பு என்றால் தப்பில்லை என்று உன் அப்பா மறுநாளே பெட்டி பெட்டியாக வாங்கி வந்தார். பார்க்க பிளாஸ்டிக் மாதிரிதான் இருக்கும், ஆனால் சோளத்திலிருந்து செய்ததாம், மேலே பச்சை இலை போட்டு மக்கும் என்று எழுதியிருந்தது. துணி காயப்போடுகிற இடத்துக்குப் பின்னால் அவரே குழி வெட்டி, பயன்படுத்திய கப்பையெல்லாம் போட்டு மூடி, இதெல்லாம் மண்ணாயிடும் பாரு, அதுல நான் தக்காளி போட்டுக் காட்டுறேன் என்றார். மக்கும்னு நீங்க பார்த்தீங்களா, கடைக்காரர் சொன்னாரா என்று கேட்டேன். உனக்கு எதுல தான் சந்தேகம் இல்லை, கல்யாணத்தன்னிக்கே என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் அப்படித்தானே பார்த்தே என்று வாயை அடைத்துவிட்டார்.

பல மாதம் கழித்து அந்தப் பக்கம் குழாய் உடைந்தது. பழுது பார்க்க வந்த பிளம்பர் தோண்டிக்கொண்டே இருந்தவர் திடீரென்று, அண்ணே, யாரோ புதுக் கப்பாப் பார்த்துப் புதைச்சு வெச்சிருக்காங்க என்று சத்தம் போட்டார். ஓடிப் போய்ப் பார்த்தால் ஒரு கப்பு கூட மக்கவில்லை, இலைப் படம் கூட அழியவில்லை. உன் அப்பா கப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டார். அவர் சாவகாசமாக, சார், இதுக்குன்னு நல்லாச் சூடு ஏத்துற பெரிய ஆலை இருக்கணும், அங்கே போட்டாத்தான் மக்கும், உங்க வீட்டுக் குழியில எல்லாம் மக்காது, அந்த மாதிரி ஆலை நம்ம ஊர்ல இல்லை என்று சொல்லிவிட்டாராம். அதை வாங்கும்போது சொல்ல வேண்டியதுதானே! அன்றைக்குத்தான் உன் அப்பா உனக்குப் போன் பண்ணி எல்லாம் போச்சு என்று புலம்பி உன்னையும் அழ வைத்தது. போனை வைத்ததும் அந்தக் கப்பையெல்லாம் தேய்த்துக் கழுவிப் பின்சுவரில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார், திருப்பிக் கொடுத்துவிடுவாராம். அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கழுவத்தான் போகிறோம் என்றால் கழுவுவதற்கென்றே செய்த பாத்திரத்தை வாங்க வேண்டியதுதானே.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய ஹோட்டலை மூடிச் சாமானெல்லாம் விற்கிறார்கள் என்று சமையல் அக்கா சொல்லியிருந்தாள், அவளையும் உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல கனமான வெள்ளைப் பீங்கான் தட்டுகள், நடுவில் அந்த ஹோட்டலின் அடையாளமாக ஒரு நீல மீன்கொத்திப் பறவை. ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்டு, விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்து எடுத்தோம். விரிசல் விட்டதையும் தங்கக் கோடு போட்டதையும் ஒதுக்கிவிட்டேன், தேய்க்கத் தேய்க்க அந்தக் கோடு போய்த் தட்டே அழுக்காகத் தெரியும். டம்ளரும் அங்கேயே, சூடு தாங்குகிற கெட்டிக் கண்ணாடி, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினாலும் சிக்கிக்கொள்ளாது. உன் அப்பாவுக்கு ஒல்லியாக உயரமாக இருந்த கிளாஸ்தான் பிடித்தது. சரி என்று அதில் கொஞ்சம் எடுத்து வந்து, ஒரு டிரேயில் வைத்து அடுப்படியிலிருந்து ஹால் வரைக்கும் நடந்து காட்டுங்கள் என்றேன். டிரே மட்டும்தான் வந்து சேர்ந்தது. அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆனால் மீன்கொத்தியை விடவில்லை. அடுத்தவன் ஹோட்டல் பறவை நம்ம தட்டுல எதுக்குடி, பார்க்கிறவன் நாம திருடிட்டு வந்தோம்னு நினைப்பான், அந்தம்மா முகத்தைச் சுளிச்சுட்டு எதிர் ஹோட்டலுக்குத்தான் போகும் என்று ஒரே பாட்டு. நிறையப் பரிமாறுங்க, பறவை தெரியாது என்றேன்.

குடை மேடம் வந்தார். ரொட்டியும் முட்டையும் வைத்தோம், மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார், மீன்கொத்தி வெளியே வந்துவிட்டது. தட்டைத் தூக்கி அடிப்பக்கம் திருப்பிப் பார்த்து, இது உங்களுதா என்றார். உன் அப்பா தண்ணீர் பில்டருக்குப் பின்னால் ஒளியாத குறை. மூடின ஹோட்டலில் வாங்கினதும்மா, புதுசாச் செய்யணும்னா அதுக்கு ஒரு சூளை எரியணும், இது ஏற்கெனவே வெந்தது, இன்னும் எத்தனையோ வருஷம் உழைக்கும், நடுவுல நாலு உடைஞ்சா சாதா வெள்ளைத் தட்டு வாங்கிச் சேர்த்துக்கலாம் என்றேன். எப்படிக் கழுவுகிறீர்கள் என்று பின்பக்கமே வந்துவிட்டார். எச்சிலை வழித்துப் போட்டு, தொட்டியில் ஊறவைத்து, தேய்த்து, கடைசியில் வெந்நீரில் அலசுவதைக் காட்டினேன், குழாயைத் திறந்து விட்டுக் கழுவுவதில்லை என்றேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அப்போதுதான் அவர் கண் சுவரில் இருந்த கப்பு வரிசையில் பட்டது. இதென்ன, இதையும் கழுவுறீங்களா என்றார். உன் அப்பா நைசாக நகர்ந்து அந்த வரிசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. குழி, தக்காளி, பிளம்பர், கடைக்காரர் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தம்மா சிரித்த சிரிப்பில் குடையை மடக்கிவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த வாளி மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போற இடத்துல எல்லாம் மக்கும் மக்கும்னுதான் சொல்றாங்க, மக்குச்சான்னு தோண்டிப் பார்த்தவங்க நீங்கதான் என்றார். உன் அப்பா ரொம்பப் பணிவாக, நாங்களும் பார்க்கலை மேடம், பைப் உடைஞ்சுடுச்சு என்றார்.

அதோடு விடவில்லை அந்தம்மா. மாடிக்குப் போய் அறைகளைப் பார்த்துவிட்டு, தண்ணி மட்டும் பிளாஸ்டிக் பாட்டில்ல வெச்சிருக்கீங்களே என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது, அது என் கண்ணில் படவே இல்லை. நாளையிலிருந்து அறைக்கு ஒரு மூடி போட்ட கண்ணாடி ஜாடி இருக்கும் என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நான் ஜாடி வாங்கக் கிளம்பினேன், உன் அப்பா வாசலுக்கும் போனுக்கும் நடந்தே செருப்பைத் தேய்த்தார். நேற்று போன் வந்தது. இந்தச் சீசன் முழுக்க அவர்கள் ஆட்கள் நம்மிடம்தான், காலைச் சாப்பாட்டோடு ராத்திரிச் சாப்பாடும் நம்மிடமே வேண்டுமாம். அந்தத் தட்டையே போடுங்க, படம் எடுத்து எங்க ஆட்களுக்குக் காட்டப் போறேன் என்றாராம். இப்போது உன் அப்பா டீக்கடையில் உட்கார்ந்து பீங்கானைத் தட்டிப் பார்த்து வாங்குவது எப்படி என்று வகுப்பு எடுக்கிறாராம். எடுக்கட்டும்.

ஆகையால் குட்டிம்மா, நீ படிப்பை விட வேண்டியதில்லை. அடுத்த சீசன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் வந்தால் சமாளிக்க எனக்குத் தெரியும் என்பது இப்போது தெரிந்துவிட்டது. நம் வீட்டில் முதல் பட்டம் வாங்கினவள் நீ, இன்னமும் ஹாஸ்டலில் இன்னொரு கரண்டி போடுங்கள் என்று கேட்க வெட்கப்பட்டுப் பசியோடு எழுந்து போகிறாய் என்று உன் அறைத்தோழி சொன்னாள். வாயைத் திறந்து கேள். வகுப்பில் புரியாததையும் அப்படியே கேள், கேட்டதற்காக யாரும் உன்னைக் கடித்துத் தின்றுவிட மாட்டார்கள். உடம்பைப் பார்த்துக்கொள், ஈரத்தலையோடு படுக்காதே. நீ நினைத்ததெல்லாம் நடந்து நல்லபடியாக இருக்க அம்மா அப்பா இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. அடுத்த வருஷத்துக்குப் பேர் கொடுக்கக் கடைசி நாள் நெருங்குகிறது என்றாயே, இந்தக் கடிதத்தை மடித்து வைத்த கையோடு போய்க் கொடுத்துவிடு. இங்கே சமைக்க அக்கா இருக்கிறாள், கழுவ ஆள் இருக்கிறார், கவலைப்பட உன் அப்பா இருக்கிறார். உனக்கு இப்போதைக்கு இங்கே வேலை காலியில்லை. படித்து முடித்துவிட்டு வா, சம்பளம் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் முதலாளி ஆகப் போகிற
அம்மா