இரண்டு நாள் வழி

ரந்தேபாவ்,
டிசம்பர் 9

அன்புள்ள பாலிங்கி அண்ணனுக்கு,

தங்கை லெபாங் வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் கேட்காமலே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஃபோனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வருவதில்லை.

இங்கே மழை விடவில்லை. அப்பா தெற்கு அறையில் அப்படியே படுத்திருக்கிறார். மூச்சு நின்று இரண்டு வருஷம் ஆனாலும், நம் வழக்கப்படி அடக்கச் சடங்கில் முதல் எருமை வெட்டுப்பட்டு விழும்வரை அவர் உடம்பு சரியில்லாதவர்தான், இறந்தவர் இல்லை. காலையில் அம்மா காப்பி வைக்கிறார், பக்கத்தில் ஒரு கிராம்பு சிகரெட்டும். நான் பட்டம் வாங்கி வந்த அன்று, கறுப்பு அங்கியோடு என்னை அப்பா முன்னால் நிறுத்தி, "இந்தாங்க, உங்க மக படிச்சு முடிச்சுட்டா. நம்ம வீட்ல முத ஆளு. எந்திரிச்சுப் பாருங்க" என்றார். எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

மூத்த மகன் இல்லாமல் சடங்குக்கு நாள் குறிக்க அம்மா சம்மதிக்கமாட்டார். கொம்போங் மாமாவோ, "அவன் ஒரு எருமையும் தர வேணாம், கையை வீசிட்டு வரச்சொல்லு" என்கிறார். ஒவ்வொரு முறையும் அம்மாதான் உங்களுக்காகப் பரிந்து பேசுவார்: "ஜகார்த்தா என்ன பக்கத்துச் சந்தையா? விமானத்துலயே ரெண்டு நாள் ஆகுதாம். எம்புள்ளயே சொன்னான்." நான் வாயைத் திறந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு சாம்பே ஜகார்த்தாவிலிருந்து விடுமுறைக்கு வந்தான். "பாவம், ரெண்டு நாளா உக்காந்தே வந்தியாப்பா?" என்று அம்மா சோறு போட்டார். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அந்த நேரத்துல அமெரிக்காவே போயிரலாம் அத்தே! மக்காசருக்கு ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். ரெண்டரை மணி நேரம், ஒரு தூக்கம் போட்டா எறக்கி விட்டுர்றான். அப்புறம் ராத்திரி பஸ். விடிஞ்சா வீடு." அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஏன், பாலிங்கி அண்ணனும் அதே விமானத்துலதானே வந்தாரு? மக்காசர்ல காப்பிக்கொட்டை விலை பேசணும், சாயங்காலமே ஜகார்த்தா திரும்பிருவேன்னாரே" என்றான்.

மாமா சொன்னதை நான் எழுதமாட்டேன்.

அம்மா சாம்பேக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார். பிறகு தெற்கு அறைக்குப் போனார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "புள்ள கெளம்பிட்டானாம். ரொம்பத் தூரமுல்ல, ரெண்டு நாள் ஆகும். கொஞ்சம் பொறுத்துக்கங்க." இன்று காலை காப்பி வைக்கும்போதும் அதையேதான் சொன்னார்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தர் சுகம் தரட்டும். நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாருங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை, அண்ணா. கிறிஸ்துமஸுக்கு நீங்கள் ஃபோன் செய்யும்போது தூரத்தைச் சொல்லாதீர்கள். "வரமாட்டேன்" என்று உங்கள் வாயாலேயே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டால்தான் அவர் நாள் குறிக்க விடுவார். அப்பாவைச் சாக விடுங்கள்.

தங்கை,
லெபாங்