பத்துக்கு ஏழு

ஜூன் 3

அக்காவுக்கு,

நான் சௌக்கியம், அம்மா சௌக்கியம், நீ தபால்ல அனுப்புன இங்கிலீஷ் இலக்கணம் மட்டும் சௌக்கியமில்ல. எட்டு வகைச் சொல்லாம். நவுன், ப்ரோநவுன், வெர்ப், அட்வெர்ப்... படிக்கப் படிக்கக் குமட்டுது. இந்தக் கண்றாவிக்குப் பயந்துதானே பத்தாவதோட பையத் தூக்கிப் போட்டேன்? இப்ப வீடு தேடி வருது.

நாளெல்லாம் சர்வீஸ் ஸ்டேஷன்ல லாரிக்கு அடியில படுத்து சேறும் கிரீசும் சுரண்டிட்டு வர்றேன். என் நகத்து அழுக்கு உன் பேப்பர்ல ஒட்டுது. அம்மா என்னடான்னா, "அவ டீச்சர் ஆகறதுக்கு ஒரு மக்கு மாணவனப் பிடிச்சுக் காட்டணுமாம், உன்ன விட்டா யாருடா கிடைப்பான்"ங்கறா. உன் பயிற்சிக்காகத்தான் படிக்கிறேன். வேற ஆசையெல்லாம் ஒண்ணும் இல்ல.

வாலு

ஜூன் 10

அன்புத் தம்பி வாலுவுக்கு,

உன் கடிதம் கண்டு விழுந்து விழுந்து சிரித்தேன். நீ மக்கு இல்லை, சோம்பேறி. இனிமேல் ஒரு சட்டம்: கடிதத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். தமிழில் ஒரு வரி இருந்தாலும் படிக்க மாட்டேன், ஆமாம்! தப்பாக இருந்தால் பரவாயில்லை. எந்தச் சொல் எந்த வகை என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். எழுத ஒன்றுமே கிடைக்காவிட்டால் கற்பனை செய்து எழுது.

அம்மாவுக்கு என் முத்தம்.

அக்கா

ஜூன் 19

டியர் சிஸ்டர்,

மதர் ஃபால் இன் பாத்ரூம். லெக் ப்ரோக்கன். ஷி க்ரை. ஐ வாஷ் ஷி. யூ கம்.

வாலு

ஜூன் 27

அன்புத் தம்பிக்கு,

சபாஷ்! உன் தாளைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். நவுனுக்கு வட்டம், வெர்புக்கு அடிக்கோடு. 'ஃபால்' இல்லை, 'ஃபெல்'. 'ஷி' இல்லை, 'ஹர்'. பத்துக்கு ஏழு!

கற்பனை செய்யச் சொன்னால் அம்மாவையா பாத்ரூமில் தள்ளிவிடுவாய், படவா? எங்கள் பேராசிரியை அதை வகுப்பில் படித்துக் காட்டினார். 'யூ கம்' வந்ததும் எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். உன்னால் எனக்கு நல்ல பெயர். அடுத்த முறை ஏதாவது சந்தோஷமாக எழுது.

அக்கா

ஜூலை 2

அக்கா,

தமிழ்லதான் எழுதறேன். படிச்சா படி, இல்லன்னா போ.

கற்பனை இல்ல. அம்மா நெசமாவே விழுந்துட்டா. சோப்புத் தண்ணி வழுக்கிடுச்சு. முழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டா போச்சு. மாவுக்கட்டு போட்டுப் படுத்த படுக்கையா கிடக்கிறா. நான் அரை நாள்தான் வேலைக்குப் போறேன். மிச்ச நேரம் மலச்சட்டி எடுக்கிறேன், துடைச்சு விடறேன். மொத நாள் ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டோம். இப்ப, "டேய், லாரியத் தேய்க்கிற மாதிரி தேய்க்காதடா"ன்னு திட்டறா. சத்தியமா எனக்கு அருவருப்பா இல்ல.

உன் சிவப்பு மையைப் பாத்துதான் வாந்தி வந்துச்சு. மதரச் சுத்தி வட்டம். அவ அழுததுக்கு அடிக்கோடு. நான் கழுவி விட்டதுல 'ஷி'ய அடிச்சுட்டு ஒரு 'ஹர்'. தமிழ்ல எழுதினா படிக்க மாட்டேன்னு சொன்னியேன்னு, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாகிட்ட டிக்‌ஷனரி கடன் வாங்கி, ஒவ்வொரு வார்த்தையாத் தேடி எழுதினேன். அதப் படிச்சுட்டு ஒரு ரூம் நிறைய வருங்கால டீச்சருங்க கைதட்டியிருக்காங்க. தூ!

அம்மா கேட்டா, "அக்கா என்னடா எழுதியிருக்கா?"

"நான் நல்லா எழுதியிருக்கேன்னு எழுதியிருக்கா."

"அது கிடக்கட்டும். வர்றாளாமா?"

அதுக்கு உன் பேப்பர்ல பதில் இல்ல.

வாலு

ஜூலை 8

என் செல்லத் தம்பிக்கு,

உன் கடிதம் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. விளையாட்டு என்று நினைத்துவிட்டேனடா. எப்படி மன்னிப்புக் கேட்பது என்றே தெரியவில்லை. இந்த நிமிடமே கிளம்பி வந்துவிட மனம் துடிக்கிறது. ஆனால் பத்தொன்பதாம் தேதி பாடம் நடத்திக் காட்டும் தேர்வு. அதை விட்டால் ஒரு வருடம் வீண். இருபதாம் தேதி முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். அம்மாவிடம் சொல்.

ஒன்றே ஒன்று, கோபப்படாதே. திருத்தி அனுப்பினேனே, அந்தத் தாள். அது என் பயிற்சி ரெக்கார்டு நோட்டில் இருந்தால்தான் முழு மதிப்பெண் தருவார்களாம். கிழித்துப் போடாமல் வைத்திருந்தால் தபாலில் சேர்த்துவிடு.

உன் அக்கா

ஜூலை 12

அக்காவுக்கு,

தாள் உள்ள இருக்கு. ஓரத்துல ஈரம் பட்டிருக்கும். அம்மாவத் துடைச்ச கையோட எடுத்து மடிச்சேன். கையக் கழுவிட்டு எடுக்கலாமேன்னு தோணுச்சு. தோணினதோட சரி.

நீ இருபதாம் தேதி வர்றத அம்மாகிட்ட சொல்லல. சொன்னா கழுத்தத் திருப்பி வாசலையே பாத்துட்டுக் கிடப்பா. வந்தா அவளே பாத்துக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாணவன்